மாமியை மலைக்குக் கூட்டிப்போன ஏழு நாள்

எங்கள் படலையைத் திறந்தால் முன்னால் கண்டி வீதி. யாழ்ப்பாணம் போகிற வீதிதான், ஆனால் கட்டைக் கணக்கு கண்டியில் தொடங்குகிறது. கிளிநொச்சியில் 155ஆம் கட்டை என்று ஓர் இடமே உண்டு, கண்டியிலிருந்து 155 மைல். இடம்பெயர்ந்து திரிந்த காலம் போக, மிச்ச வாழ்க்கை முழுவதும் அந்தக் கட்டைக்குப் பக்கத்திலேயே இருந்தும், நான் கண்டிக்கு அப்பால் மலையில் ஓர் இரவுகூடத் தங்கியதில்லை. என் மனைவியின் தாய், என் மாமி, அந்த மலையில் பிறந்தவர். தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். 1977இல் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பிறகு, பதினான்கு வயதில், தாய் தகப்பனோடு வன்னிக்கு வந்தவர். அதற்குப் பிறகு ஒரு தடவையும் திரும்பிப் போகவில்லை.

போன வருடம், 2025 ஆவணியில், மாமி, மனைவி, பதினான்கு வயது மகள், ஒன்பது வயது மகன், நான் என்று ஐந்து பேர் ஒரு வாரம் மலைநாட்டு ரயில் பயணம் போய் வந்தோம். வந்த நாளிலிருந்து பக்கத்து வீட்டாரும் மனைவியின் பாடசாலை ஆசிரியர்களும் எப்படிப் போனீர்கள், எங்கே ரிக்கற் எடுத்தீர்கள், எங்கே தங்கினீர்கள் என்று கேட்டபடி இருக்கிறார்கள். வன்னியிலிருந்து வயதானவர்களையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு புறப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கொழும்பிலிருந்து புறப்படுகிறவர்களுக்குச் சொல்லப்படுகிற திட்டம் எங்களுக்கு அப்படியே பொருந்தாது.

மகளுக்கு எல்லவில் உள்ள ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க வேண்டும். கைபேசியில் பார்த்துப் பார்த்து அவளுக்கு அந்தப் பாலம் மனப்பாடம். மகனுக்குச் சுரங்கங்களை எண்ண வேண்டும். மாமி ஒன்றுமே கேட்கவில்லை. ஒரு நாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது மட்டும், "அந்தக் கோச்சிப் பாதை இன்னும் இருக்கா தம்பி?" என்றார். ரயில் பாதையைத்தான் கேட்டார். அன்றைக்கே நாள் பார்க்கத் தொடங்கினேன்.

முதலில் போட்ட திட்டம் எல்லாரும் போடுகிற திட்டம். கிளிநொச்சியிலிருந்து கொழும்புக் கோட்டைக்குப் போவது, இரவு அங்கே தங்குவது, காலையில் பதுளை ரயிலில் ஏறி எல்ல வரை ஒரே இருப்பு. கோட்டையிலிருந்து பதுளை 290 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் அதிகம். தூரம் பெரிதாகத் தெரியாது. ஆனால் மலையில் ரயில் மெதுவாகத்தான் ஏறும், பத்து மணி நேரம் வரை எடுக்கும். மாமிக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். மருந்தெடுக்கிற இடத்தில் கேட்டபோது, மூன்று மணி நேரத்துக்கு மேல் ஒரே இருப்பில் இருக்கவிடாதீர்கள் என்று சொன்னார்கள். அந்தச் சொல்லோடு முதல் திட்டம் முடிந்தது. இப்போது நினைத்தால் நல்லதற்குத்தான். அந்த மூன்று மணி நேரக் கணக்குத்தான் முழுப் பயணத்தையும் வகுத்துத் தந்தது.

மலைப் பாதையைத் துண்டு துண்டாக வெட்டினோம். ஒரு நாளில் மூன்று, நான்கு மணி நேரத்துக்கு மேல் மலை ரயில் கிடையாது. இறங்கின இடத்தில் குறைந்தது ஓர் இரவு. கண்டி, தலவாக்கலை, நுவரெலியா, அப்புத்தளை, கடைசியில் பதுளை. ரயில் பெட்டிக்குள் ஆறு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் எந்த அழகும் கண்ணில் ஏறாது. பிள்ளைகள் சண்டை பிடிப்பார்கள். பெரியவர்கள் மலசலகூடத்துக்குப் போகப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆடுகிற பெட்டியில், ஈரமான, குந்தி இருக்கிற மலசலகூடத்தில் முழங்கால் நோவுள்ள ஒரு தாய் என்ன செய்வார்? பெரியவர்களைக் கூட்டிப் போகிற ஒவ்வொருவரும் திட்டம் போடும்போது முதலில் யோசிக்க வேண்டியது இது. துண்டாக வெட்டினால் இறங்குகிற ஊரில் நல்ல மலசலகூடம் கிடைக்கும், தண்ணீரும் தாராளமாகக் குடிப்பார்கள்.

அடுத்தது, வன்னியிலிருந்து போகிறவர்கள் கொழும்புக்குப் போகவே தேவையில்லை. வடக்குப் பாதை பொல்காவலையில் பிரதான பாதையோடு சேர்கிறது. அங்கே இறங்கிக் கண்டிப் பக்கம் போகிற ரயிலில் மாறினால் போதும். கோட்டை வரை போய் வந்த வழியே திரும்பி வருகிற வீண் பயணம் மிச்சம், கொழும்பில் ஓர் இரவு அறைக் காசும் மிச்சம். அதுவும் வேண்டாம் என்றால் கண்டி வீதியிலேயே பஸ் பிடித்துக் கண்டியில் இறங்கலாம். எங்களுக்கு ரயில்தான் வேண்டும் என்றிருந்தது. அதற்கு ஒரு காரணமும் இருக்கிறது.

1990 ஆனியில் வவுனியாவுக்கு வடக்கே ரயில் நின்றபோது நான் சின்னப் பையன். அதன் பிறகு தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் யுத்தத்துக்கு வெட்டின பங்கர்களுக்குப் போய்விட்டன. பாதை இருந்த இடத்தில் பற்றை வளர்ந்தது. 2013 புரட்டாதியில் கிளிநொச்சிக்கு மறுபடி ரயில் வந்த நாளில், ஊரே நிலையத்தில் நின்றது. எங்கள் பிள்ளைகளுக்கு ரயில் என்பது சாதாரண விஷயம். எனக்கு இன்றைக்கும், மாங்குளம் தாண்டிப் புளியங்குளக் காட்டுக்குள் ரயில் போகும்போது, யன்னல் பக்கம் இருக்க வேண்டும் போல் இருக்கும்.

எப்போது போவது என்பதில் எங்கள் ஊர்க் கணக்கு ஒன்று இருக்கிறது. சிறுபோக அறுவடை முடிந்து, காலபோக விதைப்புக்கு முந்திய இடைவெளிதான் கமக்காரருக்கு மூச்சு விடுகிற நேரம். பாடசாலை விடுமுறையும் அதோடு சேர்ந்து வரும். நல்லூர்த் தேருக்கு முன் வீடு வந்து சேரவும் வேண்டும். கண்டிப் பெரஹரா நாட்களில் அங்கே அறை எடுப்பது பெரும்பாடு என்பதால், அது முடிகிற வரை பொறுத்தோம். சித்திரையில் போகலாம் என்று சிலர் சொன்னார்கள். சித்திரை நுவரெலியாவில் வசந்தகாலக் கொண்டாட்டக் காலம். சனமும் விலையும் இரண்டு மடங்கு.

ஆவணியில் மழை வருமா என்று மனைவி கேட்டார். நாங்கள் வன்னியில் மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்றுதான் பழகியிருக்கிறோம். ஆவணியில் எங்களுக்குச் சோளகக் காற்று, புழுதி, வெயில். அதே சோளகம்தான் தென்மேற்கிலிருந்து ஈரத்தைக் கொண்டுவந்து நாவலப்பிட்டி, வட்டவளை, அட்டன் பக்கத்து மலையில் மழையாகக் கொட்டிவிட்டு, வெறும் காற்றாக இங்கே வருகிறது. அதே மாதத்தில் மலையின் மறுபக்கம், அப்புத்தளை, பண்டாரவளை, பதுளை, ஓரளவு காய்ந்திருக்கும். அவர்களுக்குப் பெரிய மழை எங்களைப் போல வாடைக் காலத்தில்தான். ஆகவே ஆவணியில் போனால் பாதி நனைவும் பாதி வெயிலும் கிடைக்கும். மாரியில் போனால் மண்சரிவுப் பயம். மழை குறைவான பயணம்தான் வேண்டும் என்றால் மாசி, பங்குனி நல்லது. எங்களுக்கு விடுமுறை அப்போது இல்லை.

ரிக்கற் பற்றித்தான் எல்லாரும் அதிகம் கேட்கிறார்கள். நாங்கள் போன காலத்தில் ஆசன முன்பதிவு 30 நாட்களுக்கு முன் திறந்தது. எல்லப் பக்கத்து ரயில்களுக்கு வெளிநாட்டவர்களும் போட்டி என்பதால், திறந்த கொஞ்ச நேரத்திலேயே ஆசனங்கள் முடிந்துவிடும். நான் ஐந்து பேரின் அடையாள விபரத்தையும் தாளில் எழுதி முன்னால் வைத்துக்கொண்டு, நேரம் தொடங்குமுன்பே இணையத்தில் காத்திருந்தேன். அப்படியிருந்தும் நானுஓயா – அப்புத்தளைத் துண்டுக்கு மட்டும்தான் கிடைத்தது. மிச்சத் துண்டுகளை முன்பதிவு இல்லாத பெட்டியில் போனோம். இது பலருக்குத் தெரியாது. முன்பதிவு முடிந்தாலும், பயண நாளில் நிலையத்தில் இரண்டாம், மூன்றாம் வகுப்புச் சாதாரண ரிக்கற் எடுக்கலாம். விலையும் மிகக் குறைவு. ஆசனம் கிடைக்குமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை, அவ்வளவுதான். துண்டுகள் குறுகியவையாக இருந்தால் அந்தப் பயமும் குறைகிறது. மாமிக்கு ஓர் இடம் கேட்டால் எழும்பிக் கொடுக்காத ஒருவரையும் நாங்கள் இந்தப் பயணத்தில் காணவில்லை. சிங்களம் தெரியாவிட்டாலும் முழங்காலைக் காட்டினால் போதும்.

முதலாம் வகுப்புக் குளிரூட்டிப் பெட்டி வசதியாக இருக்கும் என்று காசு கூடக் கட்டாதீர்கள். அதில் யன்னல் திறக்காது. மலைக்காற்றும் தேயிலை மணமும் உள்ளே வராது, கண்ணாடிக்குள்ளால் படமும் சரியாக வராது. யன்னல் திறக்கிற இரண்டாம் வகுப்புத்தான் இந்தப் பாதைக்கு ஏற்றது.

இன்னொரு சிக்கல் கண்டியில். நாங்கள் போன காலத்தில் கொழும்பிலிருந்து பதுளைக்குப் பகலில் போன ரயில்களில் பொடி மெனிக்கே கண்டி நிலையத்துக்குள் வந்து போனது. உடரட்ட மெனிக்கே கண்டிக்கு வராமல் பேராதனைச் சந்தியோடு மலைப்பக்கம் திரும்பிவிட்டது. கண்டியில் தங்கியிருந்துகொண்டு உடரட்ட மெனிக்கேக்குப் பதிவு செய்தால், பேராதனைச் சந்தி நிலையத்துக்குத்தான் போய் ஏற வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு குடும்பம் இது தெரியாமல் கண்டி மேடையில் நின்று ரயிலைத் தவறவிட்டது. கண்டிக்குள் வருகிற ரயில் வெளியே போகும்போது மறுபக்கமாகப் புறப்படும் என்பதையும் நினைவில் வையுங்கள். கோட்டையில் வலப்பக்கம் இருந்தவர் கண்டிக்குப் பிறகு இடப்பக்கம். எந்தப் பக்கத்தில் இருந்தால் அழகு என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வதற்கு இதுவும் காரணம். பாதை வளைந்து வளைந்து போவதால் இரண்டு பக்கமும் மாறி மாறி வரும். இரண்டு பேர் இந்தப் பக்கம், மூன்று பேர் அந்தப் பக்கம் என்று இருந்து, நேரத்துக்கு நேரம் மாறிக்கொள்வதுதான் சரி.

முதல் நாள் பொல்காவலையில் ரயில் மாறக் காத்திருந்தபோது மாமி மேடையின் அந்தலைக்கு நடந்து போய் நின்றார். நான் பக்கத்தில் போனேன். "இங்கதான் தம்பி. ட்ரங்குப் பெட்டிய நடுவுல வச்சிட்டு சுத்தி ஒக்காந்திருந்தோம். ராத்திரி பூரா. வடக்க போற கோச்சி எப்ப வரும்னு யாருக்கும் தெரியல" என்றார். நாற்பத்தெட்டு வருடம் வன்னித் தமிழ் பேசினவர். அன்றைக்கு அந்த மேடையில் அவருடைய பேச்சு தோட்டத்துப் பேச்சாகத் திரும்பிவிட்டது. மகள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொழும்பு வழியாகப் போயிருந்தால் இந்த இடத்தில் நாங்கள் இறங்கியே இருக்கமாட்டோம்.

ரம்புக்கனை தாண்டியதும் ஏற்றம் தொடங்குகிறது. கடுகண்ணாவை வரை ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், கீழே வயல். இந்தப் பாதை கண்டிக்கு வந்தது 1867இல். கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்கத்தான் போட்டார்கள். பிறகு கோப்பி நோயில் அழிந்து தேயிலை வந்தது, பாதையும் அதன் பின்னால் மேலே மேலே ஏறியது. 1874இல் நாவலப்பிட்டி, 1885இல் நானுஓயா, 1894இல் பண்டாரவளை, 1924இல் பதுளை. இந்தியாவிலிருந்து கூலியாக வந்த தமிழர்கள் பாறை உடைத்த பாதை. மகனுக்கு இதையெல்லாம் சுரங்கத்துக்குச் சுரங்கம் சொல்லிக்கொண்டு போனேன். சுரங்க வாயில்களில் இலக்கம் எழுதியிருக்கும். பிள்ளைகளுக்கு ஒரு கொப்பியும் பென்சிலும் கொடுங்கள். முழுப் பாதையிலும் நாற்பதுக்கு மேல் சுரங்கங்கள். கைபேசி தேவைப்படாது.

கண்டியில் இரண்டாம் நாள் ஓய்வு. பேராதனைப் பூங்காவுக்குப் போய் நிழலில் இருந்தோம். முதல் நாள் நீண்ட பயணத்துக்குப் பிறகு ஒரு நாள் ஒன்றும் செய்யாமல் இருப்பது முக்கியம். அந்த நாளை வெட்டினால் மிச்ச ஐந்து நாளும் களைப்பு.

மூன்றாம் நாள் காலை கண்டியிலிருந்து தலவாக்கலை. நாவலப்பிட்டிக்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது. வட்டவளையில் யன்னலை இழுத்து மூடினோம். கண்ணாடியில் ஆவி. மகள் முகம் சுளித்தாள். அட்டன் தாண்டிச் சிங்கமலைச் சுரங்கம். இந்தப் பாதையிலேயே நீளமானது, அரைக் கிலோமீற்றருக்கு மேல். உள்ளே போனதும் பெட்டி முழுக்கப் பிள்ளைகள் கூச்சலிட்டார்கள், மாமியும் கூச்சலிட்டார். நான் அவரை அப்படி ஒருநாளும் கண்டதில்லை. "சின்ன வயசுல இப்படித்தான் கத்துவோம்" என்று சிரித்தார். வெளியே வந்ததும் கொட்டகலை, தூரத்தில் சென் கிளயர் நீர்வீழ்ச்சி, பச்சையாகத் தேயிலை. அதற்குப் பிறகு அவர் யன்னலை மூட விடவில்லை. மழை முகத்தில் அடிக்க அடிக்கப் பார்த்துக்கொண்டே வந்தார்.

தலவாக்கலையில் மாமியின் சித்தப்பா மகள் குடும்பம் இன்னும் அதே தோட்டத்தில் இருக்கிறது. சின்ன மாமி என்று நாங்கள் கூப்பிடுகிறோம். வாட்ஸ்அப்பில் பேசிப் பழக்கம், முகத்துக்கு முகம் அன்றைக்குத்தான். லயத்தின், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டின், முன்வாசலில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்ற நேரத்தில் நாங்கள் நால்வரும் சற்றுத் தள்ளி நின்றோம். பிறகு ரொட்டியும் கட்டச் சம்பலும் தேத்தண்ணீரும். மாமி சாப்பிடுமுன் ஒரு விஷயம்தான் கேட்டார், பீலி இருக்கிறதா என்று. மலைச்சரிவில் ஊற்றுநீர் குழாயால் வந்து விழுகிற இடம் பீலி, குளிப்பதும் தண்ணீர் எடுப்பதும் அங்கேதான். மழை விட்டதும் நானும் மகனும் இரண்டு பக்கமும் பிடித்து அவரைக் கீழே இறக்கினோம். இருபது யார் தூரம், கால் மணித்தியாலம் எடுத்தது. தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அவர் இரண்டு கையையும் நீட்டி ஏந்திக் குடித்தார். மகனிடம், "குடிச்சுப் பாரு" என்றார். பல்லுக் கூசுகிற குளிர்.

அன்றிரவு அங்கேயே தங்கினோம். இது எல்லாருக்கும் வாய்க்காது. ஆனால் கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களில் மலையிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் எத்தனையோ. மலையாளபுரம், பாரதிபுரம் பக்கம் கேட்டுப் பார்த்தால் வீட்டுக்கு ஒருவர் தோட்டப் பெயர் சொல்வார். உங்கள் வீட்டில் அப்படி ஒரு பெரியவர் இருந்தால், பாலத்தையும் நீர்வீழ்ச்சியையும் அப்புறம் பாருங்கள். முதலில் அவர் சொல்கிற தோட்டத்தின் பெயரை வைத்து, கிட்டிய ரயில் நிலையம் எது என்று தேடுங்கள். திட்டத்தை அங்கிருந்து இரண்டு பக்கமும் நீட்டுங்கள்.

போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நாங்கள் பனங்கட்டி, ஒடியல், கருவாடு, வயல் அரிசி ஐந்து கிலோ கொண்டுபோனோம். பெட்டி பாரமாக இருந்தது, பரவாயில்லை. வரும்போது அதே பெட்டியில் தேயிலைத் தூளும் கரட்டும் லீக்ஸும் வந்தன.

நுவரெலியாவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தலவாக்கலையிலிருந்து ரயிலில் நானுஓயா, அங்கிருந்து பஸ். குளிர்தான் பெரிய விஷயம். ஆறாயிரம் அடிக்கு மேல். ஆவணி வெயிலில் வெந்துகொண்டிருந்த உடம்பு அங்கே இரவில் நடுங்குகிறது. பிள்ளைகளுக்குக் காதை மூடுகிற தொப்பி, பெரியவர்களுக்குக் கம்பளிக் காலுறை, மூச்சிழுப்பு உள்ளவர்களுக்கு மருந்து. இவை கைப்பையில் இருக்க வேண்டும், பெட்டிக்கு அடியில் இருந்தால் பயனில்லை. நாங்கள் குளிருடுப்பைப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டுப் பஸ் தரிப்பில் அரை மணி நேரம் நடுங்கினோம்.

அறை விஷயத்தில் ஏமாந்ததையும் சொல்கிறேன். தொலைபேசியில் பேசியபோது, "கீழ்மாடி அறைதான், படியே இல்லை" என்றார்கள். போய்ப் பார்த்தால் வீதியிலிருந்து கீழே எழுபதுக்கு மேல் படிகள். சுடுநீரும் மாலையில் ஒரு மணி நேரம் மட்டும். மாமியை இறக்கி ஏற்ற நாங்கள் பட்ட பாடு பெரிது. மலை ஊர்களில் வீடுகள் சரிவில்தான் நிற்கும். ஆகவே "படி இருக்கா" என்று மட்டும் கேட்காதீர்கள். வாகனம் நிற்கிற இடத்திலிருந்து கட்டில் வரை எத்தனை படி, கைபிடி இருக்கிறதா, சுடுநீர் எத்தனை மணிக்கு, மலசலகூடம் கொமோட்டா என்று நான்கு கேள்வி கேட்டு, படம் அனுப்பச் சொல்லுங்கள். அப்புத்தளையில் அப்படிக் கேட்டுத்தான் எடுத்தோம். ஒரு குறையும் இல்லை.

சீதா எலியவில் சீதை அம்மன் கோயிலுக்குப் போனோம். 2024 வைகாசியில் கும்பாபிஷேகம் நடந்த கோயில். ஆற்றங்கரையில், வீதியோரமே என்பதால் மாமிக்குச் சிரமம் இல்லை.

ஐந்தாம் நாள் நானுஓயாவிலிருந்து அப்புத்தளை. முழுப் பாதையிலும் ஒரேயொரு துண்டுதான் போக முடியும் என்றால் இதைத்தான் தெரிவு செய்யச் சொல்வேன். நீர்வீழ்ச்சியும் பாலமும் அந்தத் துண்டில் இல்லை. ஆனாலும் சொல்வேன். அம்பேவெல மாட்டுப் பண்ணை தாண்டி ரயில் பட்டிப்பொலவுக்கு ஏறுகிறது. கடல்மட்டத்திலிருந்து 6,226 அடி, இலங்கையில் மிக உயரத்தில் உள்ள நிலையம். அங்கே எங்களுக்கு நல்ல மழைத்தூறல், புகார் மூடி மேடைப் பலகைகூடச் சரியாகத் தெரியவில்லை. பிறகு 18ஆம் இலக்கச் சுரங்கம். உள்ளே நுழைந்தது மழைக்குள்ளிருந்து, வெளியே வந்தது வெயிலுக்குள். மகன் கொப்பியைக் கீழே போட்டுவிட்டு எழும்பி நின்றான். சுரங்கத்துக்கு இந்தப் பக்கம் மத்திய மாகாணம், அந்தப் பக்கம் ஊவா. சோளகத்து மழை மலைமுகட்டோடு நின்றுவிடுகிறது. வாத்தியார் படம் கீறிப் படிப்பித்த பாடத்தை ஒரு சுரங்கத்துக்குள் பார்த்தது போல் இருந்தது.

ஒஹியவுக்குப் பிறகு இதல்கஸ்ஹின்ன. ஒடுங்கிய மலைமுதுகில் நிலையம், இரண்டு பக்கமும் பள்ளம். அந்த இடத்தில் எந்தப் பக்க யன்னல் என்ற கேள்வியே இல்லை.

கதவடியைப் பற்றி ஒன்று. படியில் தொங்கிக்கொண்டு படம் எடுக்கிறவர்கள் இந்தத் துண்டில்தான் அதிகம். சுரங்கச் சுவருக்கும் பெட்டிக்கும் இடைவெளி மிகக் குறைவு, மரக்கிளையும் வந்து அடிக்கும். இப்படி விழுந்து இறந்தவர்கள் உண்டு. மகள் ஆசைப்பட்டாள், நான் விடவில்லை. ரயில் நிலையத்தில் நிற்கும்போது கதவடியில் நிறுத்திப் படம் எடுத்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கோபமாக இருந்தாள். அந்தக் கோபத்தைத் தாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புத்தளையில் இரண்டு இரவு. அதிகாலையில் தம்பேதன்னைப் பக்கம் போகிற பஸ்ஸில் கொழுந்து பறிக்கப் போகிறவர்களோடு போனோம். பஸ் முழுக்கத் தமிழ். மகன் ஆச்சரியப்பட்டான். "அப்பா, இஞ்சயும் எங்கட ஆக்களா?" தேயிலை வியாபாரி லிப்டன் 1890இல் கட்டிய தொழிற்சாலை அங்கே இருக்கிறது. மேலே லிப்டன் இருக்கை என்கிற மலையுச்சிக்கு ஓட்டோவில் ஏறினோம். எட்டு மணிக்கு முன் போக வேண்டும், பிந்தினால் புகார் மூடிவிடும். மேலே நின்றபோது மாமி மலையைப் பார்க்கவில்லை. சரிவில் கூடையோடு நின்ற பெண்களைப் பார்த்து, "இந்த நேரத்துக்கு எத்தனை கிலோ?" என்று கத்திக் கேட்டார். அவர்களும் பதில் கத்தினார்கள். அரை மணித்தியாலம் அந்தக் கதை போனது.

ஏழாம் நாள் அப்புத்தளையிலிருந்து பதுளை. எல்லவைத் தாண்டியதும் ஒன்பது வளைவுப் பாலம். 1921இல் கட்டி முடித்தது, கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும், இரும்பு இல்லாமல். மகள் ஒரு வருடமாகக் காத்திருந்த பாலத்தின் மேல் நாங்கள் போய்க்கொண்டிருந்தோம், ஆனால் பாலம் தெரியவில்லை. பெட்டிக்குள் இருப்பவருக்கு வளைவு தெரியாது, கீழே காடும் கைபேசியோடு நிற்கிற சனமும்தான் தெரியும். பாலத்தைப் பார்க்க ஆசையென்றால் எல்லவில் இறங்கி நடந்து போய், வெளியே நின்று, வேறொரு ரயில் வருவதைப் பார்க்க வேண்டும். அதற்கு அரை நாள் ஒதுக்குங்கள். நாங்கள் ஒதுக்கவில்லை, மகளுக்கு அந்தக் குறை இன்னும் இருக்கிறது.

தெமோதரையில் பாதை ஒரு வட்டம் சுற்றி, தான் கடந்த நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தால் போகிறது. கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டியதைப் பார்த்துத்தான் இஞ்சினியருக்கு அந்த யோசனை வந்தது என்று மலையில் ஒரு கதை உண்டு. மாமி தன் துவாயைத் தலையில் சுற்றிப் பேரனுக்குக் காட்டினார்.

திரும்பி வந்ததுதான் நாங்கள் பிழைவிட்ட இடம். அன்றே பதுளையிலிருந்து இரவு மெயில் ரயிலில் ஏறினோம். ஓர் அறைக் காசு மிச்சம் என்று நான் போட்ட கணக்கு. இரவில் மலையும் தெரியாது, நித்திரையும் வராது, பட்டிப்பொலக் குளிர் வேறு. மூன்று மணி நேர விதியை மலையில் முடிந்தவரை காத்துவிட்டுக் கடைசி இரவில் மீறினேன். விடியாத நேரத்தில் பொல்காவலையில் இறங்கி, வடக்கு ரயிலுக்காகக் காத்திருந்தபோது மாமியின் கால் வீங்கியிருந்தது. 1977இல் இரவெல்லாம் காத்திருந்த அதே மேடையில் அவரை மறுபடி காக்க வைத்துவிட்டேன் என்பது எனக்கு இன்னும் மனதை உறுத்துகிறது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. "இப்ப ரயில் வரும்னு தெரியும்ல தம்பி" என்றார். நீங்கள் பதுளையில் ஓர் இரவு தங்கி, பகலில் பஸ்ஸில் கண்டிக்கு வந்து, ஆறுதலாக வீடு திரும்புங்கள்.

நாங்கள் வந்து மூன்று மாதத்தில் டித்வாப் புயல். கார்த்திகைக் கடைசியில் இங்கே வெள்ளம், அங்கே மண்சரிவு. மலைநாட்டு ரயில் பாதை பல இடங்களில் உடைந்து போனது. நாங்கள் போன வழியில் இப்போது போக நினைப்பவர்கள், முன்பதிவுக்கும் முன்னால், மலைப் பாதையில் எந்த நிலையத்திலிருந்து எந்த நிலையம் வரை ரயில் ஓடுகிறது என்பதைக் கிளிநொச்சி நிலையத்திலோ வவுனியா நிலையத்திலோ கேட்டுவிட்டுத் திட்டம் போடுங்கள். ஓடாத துண்டுக்குப் பஸ்ஸை வையுங்கள். துண்டு துண்டாகப் போட்ட திட்டத்தில் ஒரு துண்டு மாறினால் மற்றவை குலையாது.

புயலன்று சின்ன மாமியின் தொலைபேசி இரண்டு நாள் வேலை செய்யவில்லை. மூன்றாம் நாள் பாடசாலை ஒன்றில் இருந்து பேசினார். லயத்துக்குப் பின்னால் மண் இறங்கியிருந்தது, ஆட்களுக்கு ஒன்றும் இல்லை. மாமி தொலைபேசியைக் கையில் வாங்கி, ஒவ்வொருவருடைய பெயராகச் சொல்லி விசாரித்தார். கடைசியில்தான் பீலியைக் கேட்டார்.